காயமும் காக்கியும்

சின்னத்திரைத் தொடர்களில் அண்மைக் காலமாக ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. கதைமாந்தர் ஒருவர் தம் பணியிடத்தில் கடுகடுத்தவராக இருப்பார். கீழே உள்ளவர்களிடம் சீறி விழுவார். கதை பாதி நடந்தபின் அவர் வாழ்வில் நேர்ந்த பெருந்துயரம் ஒன்று நமக்குக் காட்டப்படும். உடனே பார்ப்பவர் மனம் இளகிவிடும். அதுவரை அவர் செய்த கடுமைகள் யாவும் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டுவிடும். பிறர் துயரைப் புரிந்துகொள்வது பண்பு. ஆனால் புரிந்துகொள்வதும் பொறுத்துக்கொள்வதும் ஒன்றாகுமா? இந்த வினாவை வைத்துக்கொண்டு பார்க்கத் தகுந்த படைப்பு, 2022 ஜூன் மாதம் அமேசான் பிரைம் வழியாக வெளிவந்த ‘சுழல்’ என்னும் தொடர்.

புஷ்கர்–காயத்ரி இணையர் உருவாக்க, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய எட்டுப் பகுதிகள் இவை. சாம்பலூர் என்பது கற்பனை ஊர். அங்கே ஒரு சிமெண்டு ஆலை, ஆலையில் வேலைநிறுத்தம், ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. ஒரே இரவில் ஆலை தீப்பற்றி எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். மதுக்கரையில் 1934இல் எழுந்த சிமெண்டு ஆலையைக் கண்டு பழகியவர்களுக்கும், பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டங்களைப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் சாம்பலூர் அயலூராகத் தோன்றாது. கோவை வட்டாரத்து வாசகர் அவ்வூரை எளிதில் தம் ஊராக்கிக் கொள்வார்.

இத்தொடரில் இரு பெண்கள் நம் கவனத்திற்கு உரியவர்கள். ஒருத்தி காவல் ஆய்வாளர் ரெஜினா; மற்றொருத்தி சண்முகத்தின் மூத்த மகள் நந்தினி. இருவரும் ‘கடினமானவர்கள்’ என்றே அறிமுகமாகிறார்கள்.

ரெஜினாவின் கடுமை தொழிலோடு ஒட்டிப் பிறந்தது. வேலைநிறுத்தம் செய்வோர்மீது இரக்கம் இல்லாதவள். சண்முகத்தைப் பகைவனாகவே எண்ணுபவள். பிறகு அவளுடைய மகன் அதிசயமும் நிலாவும் பிணமாகக் கிடைக்கிறார்கள். மகனை இழந்த தாயாக நடிகை ஸ்ரேயா ரெட்டி நிற்கும் இடங்களில் நெஞ்சு கனக்காதவர் இருக்க முடியாது. ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. அவளுடைய கடுமை முந்தியது, காயம் பிந்தியது. பின்னால் வந்த துயரத்தைக் கொண்டு முன்னால் நிகழ்ந்த கடுமையைக் கழுவிவிட நம் மனம் விழைகிறது. அது கதை நம்மிடம் செய்யும் மாயம். கதாசிரியர் எண்ணிச் செய்தாரோ இல்லையோ, பார்ப்பவர் விழிப்போடு இருத்தல் வேண்டும்.

நந்தினியின் கதை இதற்கு நேர்மாறானது. சிற்றப்பன் குணா அவளைச் சிறு வயதிலேயே சீரழித்தவன். காயம் முந்தியது, முரட்டுத்தனம் அதிலிருந்து விளைந்தது. தந்தையோடு ஒட்டமாட்டாள், எவரிடமும் வெடுக்கென்றே பேசுவாள். ‘உனக்கு என்னம்மா நேர்ந்தது?’ என்று கேட்க அங்கே ஆளில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் கேட்கும் சண்முகத்திற்குத் தன் வீட்டுக்குள் நடந்தது தெரியவில்லை. தொடரில் மிகக் கூர்மையான இடம் இதுதான்.

இவ்விருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒருத்திக்குச் சீருடை இருக்கிறது. அவள் சீற்றம் ‘கண்டிப்பு’ எனப் பெயர் பெறுகிறது. மற்றொருத்திக்கு அது இல்லை. அவள் சீற்றம் ‘திமிர்’ எனப் பெயர் பெறுகிறது. ஆகவே பணியிடத்தில் ஒருவர் கடுமையாக நடக்கும்போது அவருக்கு நேர்ந்தது என்ன என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அவருக்குக் கீழே நிற்பவர் யார், அவருடைய வலிக்கு விலை கொடுப்பவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

கோவை மக்களுக்கு இது வெறும் கதை விவகாரமன்று. 1997 நவம்பர் இறுதியில் உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கொடிய செயல் அது. செய்தவர்களுக்குச் சமாதானம் எதுவுமில்லை. தோழரை இழந்த காவலர்களின் துயரமும் மெய்யானதே. ஆனால் அத்துயரம் சீருடையோடு தெருவில் இறங்கியது. காவலர்கள் பணியை விட்டு மறியலில் அமர்ந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. 18 முஸ்லிம்கள் மாண்டனர். அவர்களுள் காவலர் துப்பாக்கிக்கு இரையானவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் போயின. அந்தப் படுகொலைக்கும் பட்ட காயமே காரணமாகக் காட்டப்பட்டது; அதனால் அது நியாயமாகிவிடவில்லை. இரு பக்கமும் வலி மெய். இரு பக்கமும் விலை கொடுத்தவர்கள் ஒன்றுமறியாத மக்கள். ரெஜினாவைப் பார்த்துக் கண் கலங்கும் கோவைக்காரர் இதையும் நினைத்துக்கொள்வார்.

நந்தினியின் மௌனத்திற்கும் இம்மண்ணில் சான்று உண்டு. 2019இல் பொள்ளாச்சிக் கொடுமை வெளிப்பட்டபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரையே காவல்துறை வெளியிட்டுவிட்டது. அதைக் கண்ட பிற பெண்கள் வாய் திறக்க எத்தனை அஞ்சியிருப்பார்கள்! 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. ஆறு ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த நீதி அது.

கொங்கு இலக்கியத்திற்கு இப்பொருள் புதியதுமன்று. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளியிட்ட ‘நாகம்மாள்’ நாவலின் தலைவி ஒரு விதவை. கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டு, காட்டில் தன் பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். ஊர் அவளை அடங்காதவள் என்கிறது. அவளுடைய பழைய துயரத்தை எடுத்துக்காட்டி இரக்கம் தேடுவதில்லை ஆசிரியர். பண்ணையத்தில் அவள் நிற்கும் நிலை, வீட்டில் அவள் கேட்கும் பேச்சு ஆகியவற்றைக் கொண்டே அவள் குணத்தை நமக்கு விளங்க வைக்கிறார். அதே வேளையில், அவள் மூட்டிய பகை கொலையில் முடிவதையும் மறைக்கவில்லை. அவள்மீது இரக்கமும் உண்டு, கணக்கும் உண்டு.

‘சுழல்’ அந்த நிதானத்தை இறுதியில் தவறவிட்டது. குற்றவாளி குணாவே என்று தெரிந்தபின் நந்தினியின் கையாலேயே அவன் மாள்கிறான். பார்ப்பவர் கைதட்டலாம், ஆனால் அவளைப் போன்ற பிற பெண்களுக்கு அத்துப்பாக்கியால் பயன் என்ன? 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகம் அவளைச் சிறையில் வைத்துக் கதையைத் தொடங்கியது, முதற்பாகம் விட்ட கணக்கைத் தானே எடுத்துக்கொண்டது போலிருந்தது.

பட்டறையிலும் அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் சிடுசிடுப்பவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். கீழ்நிலையில் இருப்பவர் சிடுசிடுத்தால், தண்டிக்கும் முன் அருகில் அமர்ந்து காரணம் கேட்பது நம் கடமை. மேல்நிலையில் இருப்பவர் சிடுசிடுத்தால், அவருக்கும் ஆறுதல் சொல்வோம். ஆனால் அவர் துயரம் தீரும்வரை அடுத்தவர்மேல் அதிகாரம் செலுத்தும் பொறுப்பை வேறொருவர் கையில் கொடுப்போம்.