முழுமையற்ற பதிவுகளும் இந்திய தேசிய இராணுவ உறுப்பினர் அடையாளமும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

1942இல் மோகன்சிங் தலைமையில் உருவாகி, 1943 ஜூலை முதல் சுபாஷ் சந்திரபோஸின் தலைமையில் இயங்கிய இந்திய தேசிய இராணுவத்தில் இரு வகையினர் சேர்ந்தனர். பிரித்தானிய இந்தியப் படையிலிருந்து ஜப்பானியரிடம் சிறைப்பட்ட வீரர்கள் ஒருவகையினர். மலாயா, பர்மா முதலிய இடங்களில் வாழ்ந்த குடிமக்கள் மற்றொரு வகையினர். பின்னவருள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பலர். எஞ்சிய பெயர்ப்பட்டியல்களை மட்டுமே கொண்டு உறுப்பினரை உறுதிசெய்யும் முறை இவ்விரு வகையினரையும் சமமாக நடத்துவதில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பதிவு உருவான சூழல்

போரின் இறுதியில் இப்படையின் ஆவணங்கள் பல அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் முதன்மையானவை பிரித்தானியரின் விசாரணைப் பதிவுகள். அவை சிறைமீண்ட வீரர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகைப்படுத்தின. அவ்வகைப்பாட்டின் நோக்கம் தம் வீரர்களின் விசுவாசத்தை அளப்பதே. இந்திய தேசிய இராணுவத்தின் உறுப்பினர் அனைவரையும் பட்டியலிடுவதன்று. மேலும், முன்னாள் வீரருக்குப் படை எண், சேர்ந்த நாள், சொந்த ஊர் ஆகியன முன்பே பதிவாகியிருந்தன. விசாரணைப் பதிவை அவற்றோடு ஒப்பிட இயலும். தோட்டத்திலிருந்து நேரே படையில் சேர்ந்தவருக்கு அத்தகைய முற்பதிவு இல்லை. எனவே பதிவுகளின் இடைவெளி தற்செயலானதன்று. அது குடிமக்கள் பக்கமே மிகுந்துள்ளது. பட்டியலில் பெயரில்லாமை ஒருவர் படையில் இல்லாமையைக் காட்டாது.

பெயர் இருப்பதும் முடிந்த சான்றாகாது. குடும்பப் பெயரின்றி, தந்தை பெயரின் முதலெழுத்தோடு வழங்கும் தமிழ்ப்பெயர் ஆங்கிலப் பதிவில் பலவாறு எழுதப்படும். ஒரே பெயரினர் பலர் இருப்பர். இந்திய சுதந்திர லீக்கின் உறுப்பினர் பதிவோ நன்கொடைப் பதிவோ படைச்சேவைக்குச் சான்றாகாது.

சட்ட அளவுகோலும் வரலாற்று அளவுகோலும்

1972இல் தொடங்கி 1980இல் விரிவாக்கப்பட்ட நடுவண் அரசின் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில், அரசுப் பதிவு கிடைக்காதவிடத்து உடன்கைதியின் சான்று ஏற்கப்பட்டது. குற்றவழக்கிற்குரிய ஐயந்திரிபற்ற மெய்ப்பு இங்குத் தேவையில்லை. நிகழ்தகவே போதும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முதியவர் ஒருவரின் உரிமையைக் காக்கும் நெறி அது. வரலாற்றாய்வு அதனை அப்படியே ஏற்கவியலாது. ஓய்வூதிய ஆணை ஒருவரின் கோரிக்கை ஏற்கப்பட்டதைக் காட்டும். அவர் எப்பிரிவில், எக்காலத்தில் பணியாற்றினார் என்பதைத் தனியே நிறுவுதல் வேண்டும்.

முடிவுரை

பெயரில்லாமையிலிருந்து முடிவு காண்பதற்கு முன், அப்பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பு அந்நபருக்கு இருந்ததா என வினவுதல் முதற்கடமையாகும். தொடர்ந்து, ஒன்றையொன்று சாராத சான்றுகளின் அடிப்படையில் உறுதியானவர், இருந்திருக்கக்கூடியவர், தீர்மானிக்க இயலாதவர் எனப் பகுத்தல் தகும். மூன்றாம் பிரிவினரை உறுப்பினர் அல்லாதாராகக் கணக்கிட்டால், பதிவுசெய்தவர் விட்ட இடைவெளியே தோட்டத் தொழிலாளரின் வரலாறாகிவிடும்.