கைமணமும் காலிச் சட்டியும்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். தலைப்பு: "எங்கள் வீட்டுப் பழைய உணவு." எளிய தலைப்புத்தான், எழுதுவதற்கு எவர்க்கும் செய்தி இருக்கும் என்பது என் எண்ணம்.

ஏடுகள் வந்தன. உளுந்தங்களி மணத்தது; சுண்டைவற்றல் குழம்பு கொதித்தது; கருப்பட்டிப் பணியாரம் உருண்டோடி வந்தது. "என் பாட்டியின் கைமணம் வேறு எவர்க்கும் வாராது" என்று ஏறக்குறைய எல்லாரும் முடித்திருந்தனர். படித்துப் பூரித்தேன். ஒரு பெண்ணின் ஏட்டில் மட்டும் மூன்றே வரிகள். "எங்கள் பாட்டி நாற்று நடப் போவார். இருட்டிய பிறகு வந்து கஞ்சி காய்ச்சுவார். கஞ்சிக்குச் செய்முறை கிடையாது." அவ்வளவுதான்!

"அளவு போதாது" என்று சிவப்பு மையால் எழுதி ஏட்டை மூடினேன். அந்தச் சிவப்பு மை அன்றிரவு முழுதும் என்னை உறுத்தியது. அந்த உறுத்தலே இந்தக் கட்டுரை.

பாட்டி சமைத்தாள், பேரன் புகழ்கிறான். புகழட்டும், தடுப்பார் யார்? நன்றி பாராட்டுவது நல்ல பண்பு. ஆனால் இன்று அந்த நன்றியுணர்ச்சி ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. வார ஏடுகளில் "பாட்டி வைத்தியம்" போய்ப் "பாட்டி சமையல்" வந்தது. கூழும் களியும் விருந்து மண்டபங்களில் வெள்ளிக் கிண்ணம் ஏறின. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், ஒரு காலத்தில் உண்டதைச் சொல்லவே நாணிய கம்பும் கேழ்வரகும் மேடையேறி மாலை வாங்கிக் கொண்டன. மகிழ்ச்சிதான்! ஆனால் ஓர் இலக்கிய வகை பிறந்துவிட்டால் அதனை உரசிப் பார்ப்பது திறனாய்வாளன் கடமை. புளியோதரையைப் பற்றிய எழுத்தாயினும் எழுத்து எழுத்துத்தானே!

உரைகல்லாக மூன்று வினாக்களை வைக்கிறேன். எவ்வளவு? எவருடைய உழைப்பு? எவர் உண்டார்? இம்மூன்றுக்கும் விடை சொல்லும் சமையற் குறிப்பே முழுமையான குறிப்பு என்பது என் துணிபு.

முதல் வினா, அளவு. "பாட்டி அளந்து போடமாட்டாள்; கண்ணளவுதான், கைக்கணக்குத்தான்" என்று வியப்பதே இவ்வெழுத்துகளின் வாடிக்கை. வியப்பு, படிப்பவனுக்கு உப்பு எவ்வளவு என்று சொல்லுமா? கைக்கணக்கு என்பது மந்திரமன்று. ஐம்பது ஆண்டுகள் நாளும் இருமுறை செய்து பார்த்துத் தேறிய கல்வி. கல்வியை மந்திரம் என்று புகழ்வது அதனைப் பிறர்க்கு மறைப்பதற்கே பயன்படும். பூட்டி வைத்த மருத்துவச் சுவடி கறையானுக்கு இரையான கதை நமக்குப் புதிதன்று.

இங்கே, மாற்று முகாமில் தோன்றிய நூலாயினும் மனந்திறந்து பாராட்ட வேண்டிய நூல் ஒன்றுண்டு. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட "சமைத்துப் பார்." இளமையிலேயே கணவனை இழந்தவர் அவர். அந்நாளில் அத்தகைய பெண்ணுக்கு வீடு வைத்திருந்த இடம் எதுவென்று நாம் அறிவோம். அந்த அடுக்களை மூலையில் இருந்தபடியே, உறவினர் கேட்டுக்கேட்டு எழுதி வாங்கிய குறிப்புகளை நூலாக்கினார். ஆழாக்கு இவ்வளவு, எடை இவ்வளவு என்று அளவு கொடுத்தார். புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பெண்ணும், தாயகம் விட்டு நெடுந்தொலைவு சென்ற பிள்ளையும் தனியே நின்று அடுப்பு மூட்ட வழி செய்தார். தலைப்பைப் பாருங்கள்! "நம்பு" என்று சொல்லவில்லை. "வணங்கு" என்று சொல்லவில்லை. "சமைத்துப் பார்" என்கிறார். செய்து பார், சரியா என்று நீயே தெளி என்னும் ஆய்வுக்கூடத்தின் குரலன்றோ அது!

பாராட்டிய வாயாலேயே குறையும் சொல்லியாக வேண்டும். அந்நூல் முழுதும் மரக்கறி உணவே. ஒரு வகைக் குடும்பத்தின் அடுக்களை அது. அதில் தவறில்லை, தம் வீட்டில் கண்டதை அவர் எழுதினார். தவறு பின்வந்தோருடையது. அந்த ஓர் அடுக்களையையே "தமிழர் சமையல்" என்று பெயரிட்டு உலகுக்குக் காட்டினோம். மீன் குழம்பும் கருவாடும், நத்தையும் நண்டும், குடலும் இரத்தப் பொரியலும் எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இருந்தன? அவற்றைச் சமைத்த பாட்டிமார்க்கு எழுதுகோலும் இல்லை, எழுதிக்கொள்ள வந்த உறவினரும் இல்லை. மராட்டிய மாநிலத்தில் சாகு பட்டோலே என்னும் எழுத்தாளர் 2015-இல் இந்தக் குறையைக் கண்டு ஒரு நூல் எழுதினார். மராத்வாடாவின் தாழ்த்தப்பட்ட மக்களது உணவை, நெய்யும் பாலும் எட்டாத அடுப்புகளின் உணவை, செய்முறையோடு பதிந்தார். "அன்னம் முழுமையான பிரம்மம்" என்பது அங்குள்ள முதுமொழி. அதில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்து, "அன்னம் முழுமையற்ற பிரம்மம்" என்று தலைப்பிட்டார். ஓர் எழுத்துத்தான்; ஆனால் ஓராயிரம் ஆண்டுப் பந்தி வரிசையையே அது கலைத்துவிட்டது!

இரண்டாவது வினா, உழைப்பு. கேழ்வரகுக் கூழைப் பற்றி எழுதுகிறார்கள்: "மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கவும், நொய்யை வேகவிட்டு மாவைச் சேர்த்துக் கிளறவும், நனைத்த கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கவும், ஆறியபின் மோர் விட்டுக் கரைக்கவும்." சரியான செய்முறைதான். ஆனால் மாவு எங்கிருந்து வந்தது? பொட்டலத்திலிருந்தா? பாட்டி காலத்தில் அது திருகையிலிருந்து வந்தது. விடியுமுன் எழுந்து, கல்லைச் சுற்றி, தோள் கடுக்க அரைத்த மாவு அது. நீர் குடத்திலிருந்து வந்தது. குடம் கிணற்றிலிருந்து வந்தது. விறகு முள்காட்டிலிருந்து தலைச்சுமையாக வந்தது. இவற்றை எல்லாம் நீக்கிவிட்டு, "அந்தக் கூழின் சுவை இன்று இல்லையே!" என்று பெருமூச்சு விடுகிறோம். சுவை போனதற்கு அழுகிறோமே, அந்தத் திருகை போனதற்கு அந்தப் பாட்டி அழுதாளா என்று கேட்டோமா?

நம் பழம்புலவர்கள் இதில் நம்மைவிட நேர்மையானவர்கள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயிற்றியர் வீட்டு உணவைக் காட்டுகிறார். கடப்பாரை போன்ற கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுகிறார்கள். முற்றத்து நில உரலில் குறிய உலக்கையால் குற்றுகிறார்கள். ஆழக் கிணற்றில் ஊறும் சிறிதளவு உவர்நீரைத் தோண்டி எடுக்கிறார்கள். விளிம்பு உடைந்த பானையை உடைந்த அடுப்பில் ஏற்றுகிறார்கள். அதன் பிறகே சோறு வருகிறது, உலர்ந்த இறைச்சியோடு. பண்டம், கருவி, நீர், அடுப்பு, உழைப்பு என எதுவும் விடுபடவில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய சமையற் குறிப்பு, இன்றைய வண்ணப்படச் சமையல் ஏட்டைவிட முழுமையானது!

மூன்றாவது வினாவே கடினமான வினா. எவர் உண்டார்?

குறுந்தொகையின் 167-ஆம் பாட்டை எல்லாரும் போற்றுவர். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணந்த பெண், கட்டித் தயிரைத் தன் விரலால் பிசைகிறாள், பிசைந்த கையை உடுத்த ஆடையிலேயே துடைத்துக் கொள்கிறாள், தாளிப்பின் புகை கண்ணில் நிறைகிறது, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இல்லறத்தின் இனிமைக்கு இலக்கியத்தில் இதைவிடச் சான்று வேண்டுமோ என்று வகுப்பில் நானும் உருகிப் பேசியதுண்டு. உருகியது பொய்யன்று, பாட்டு அழகே. ஆயினும் ஒரு கேள்வியை நான் வகுப்பில் கேட்டதில்லை. அவள் உண்டாளா? அவன் உண்டதும் அவள் வயிறு நிறைந்துவிட்டதாகவே நாம் கொண்டோம். அவ்வாறு கொள்ளவே நமக்குப் பழக்கப்பட்டிருந்தது.

இதற்கு எதிரே சிறுபாணாற்றுப்படையை வையுங்கள். நத்தத்தனார் காட்டும் பாணன் வீட்டில், குட்டி ஈன்ற நாய் பால் கொடுக்க வலுவின்றிக் குரைக்கிறது. கூரை சிதைந்த அந்த அடுக்களையில், பசியால் மெலிந்த பெண், குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். உப்பில்லை. புறம் பேசுவார் கண்ணில் படுமே என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். இதுவும் பாட்டன் பாட்டி வழிவந்த உணவுதான்! இதனையும் "பாரம்பரிய உணவு" வரிசையில் வைப்போமா? உப்பில்லாக் கீரைக்கு எந்த மண்டபத்தில் வெள்ளிக் கிண்ணம் உண்டு? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வறுமையே உருவான அந்த வீட்டில் அவள் தனியே கடைசியில் உண்ணவில்லை, எல்லாரோடும் உண்டாள். வளம் வந்த வீடுகளில் அந்த ஒன்று எங்கே போயிற்று?

"பழமை என்றாலே பழிக்கக் கிளம்பிவிட்டான்" என்று அன்பர் சிலர் சினக்கக்கூடும். இல்லை ஐயா, இல்லை! பாட்டிமாரின் அறிவை நான் குறைத்து மதிப்பேன் அல்லேன். நெல்லைப் புழுக்கி அரிசியாக்கினார்களே, அது எத்தகைய அறிவு! புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். தீட்டினாலும் முழுதும் போகாது. தீட்டிய பச்சரிசியே உணவாகக் கொண்ட ஊர்களில் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட ஊர்கள் தப்பின. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. இவை ஆய்வுக்கூடத்தில் அளந்து கண்ட உண்மைகள். ஆகவே போற்றுவோம். ஆனால் அளந்து போற்றுவோம்! பாட்டி செய்தாள் என்பதற்காக நல்லதாகாது. நல்லது என்று தெளிந்ததனால் பாட்டி வெல்கிறாள். அதுவே அவளுக்கு மெய்யான பெருமை.

சொந்தக் கதை ஒன்று சொல்லி முடிக்கிறேன். கல்லூரி ஆண்டுமலரில் நானும் இத்தகைய கட்டுரை ஒன்று எழுதியவன்தான். எங்கள் அப்பாயி வைக்கும் விரால் மீன் குழம்பைப் பற்றியது. மண்சட்டி, அம்மியில் அரைத்த மசாலை, முதல்நாள் வைத்து மறுநாள் உண்ணும் சுவை என்று அடுக்குமொழியில் அள்ளி வீசியிருந்தேன். பேராசிரியர் பாராட்டினார். விடுமுறையில் ஊருக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு அதனைப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்:

"நல்லாத்தான் எழுதியிருக்கே, ராசா. ஆனா அந்த மீனு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே. நடுத்துண்டு உங்க தாத்தாவுக்கு, அப்பாவுக்கு. வாலும் தலையும் புள்ளைங்களுக்கு. நான் அடிச்சட்டியிலே சோத்தைப் போட்டுப் பெரட்டித் தின்னுருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு எழுந்து போனேன். அந்தச் சிரிப்பை எண்ணி நாணுகிறேன். நடுத்துண்டின் சுவையை நான் எழுதினேன். அடிச்சட்டியின் சுவையை அவர் அறிவார். இருபது ஆண்டுகள் ஒரே அடுப்பில் உண்டும், எங்கள் இருவர்க்கும் இடையே இருந்தது ஒரே குழம்பு அன்று!

அந்தப் பெண்ணின் மூன்று வரிகளைப் படித்த பிறகுதான் அப்பாயியின் சொல் எனக்கு முழுதாக விளங்கியது. அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். எதிரே அமர்ந்து, அவர் கையால் எடுத்த புளியையும் மிளகாயையும் மல்லியையும் தராசில் நிறுத்து எழுதினேன். "இதுக்கெல்லாம் தராசா!" என்று நகைத்தார். குறிப்பின்படி நானே அடுப்படியில் நின்று குழம்பு வைத்தேன். அம்மியில் அரைத்து முடிப்பதற்குள் என் தோள் பட்ட பாட்டை எந்த ஆண்டுமலரிலும் எழுதியதில்லை. முதற்பந்தியில் அவரை அமர்த்தி, நடுத்துண்டை இலையில் வைத்தேன். அமர மறுத்தார், வற்புறுத்தினேன். உண்டு முடித்து, "புளி கொஞ்சம் தூக்கல்" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நேர்மையான திறனாய்வு அதுவே!

தோழர்களே, பாட்டியின் செய்முறையை எழுதுங்கள். எல்லா வீட்டுப் பாட்டிகளின் செய்முறையையும் எழுதுங்கள். கஞ்சியையும் எழுதுங்கள், களை பறித்துவிட்டு வந்த கை அதனைக் காய்ச்சிய நேரத்தையும் எழுதுங்கள். அளவோடு எழுதுங்கள், பேரனும் பேத்தியும் ஒருங்கே கற்றுச் சமைக்கும்படி. எழுதி முடித்ததும் கடைசி வரியாக ஒன்றைச் சேருங்கள்: சமைத்தவர் எப்போது உண்டார், என்ன மிஞ்சியிருந்தது என்று.

திங்களன்று பள்ளிக்குச் சென்றதும், அந்த ஏட்டை வாங்கி, "அளவு போதாது" என்று நான் எழுதியதை அடித்தேன். அந்தப் பெண் காரணம் கேட்டாள். "கஞ்சிக்குச் செய்முறை உண்டு, அம்மா. உன் பாட்டியிடம் கேட்டு எழுதி வா. எனக்குத் தெரியவில்லை" என்றேன்.