எந்த மொழிப் புத்தகம்?

அங்கன்வாடியில் ஊட்டச்சத்தோடு கல்வியும் என்று 2023 மே மாதம் ஒன்றிய அரசு ‘போஷன் பி, படாய் பி’ திட்டத்தைத் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்டோருக்காக 2024இல் ‘நவசேத்னா’ வழிகாட்டியும் வந்தது. இவற்றைப் பாராட்டுவோர் பாஸ்டனைச் சான்று காட்டுகிறார்கள். 1989இல் அந்நகர மருத்துவமனையில் தொடங்கிய ‘ரீச் அவுட் அண்ட் ரீட்’ திட்டத்தில், பரிசோதனைக்கு வரும் குழந்தைக்கு மருத்துவரே படப்புத்தகம் தருகிறார்; பிள்ளையோடு வாசிப்பது எப்படி என்று பெற்றோருக்கும் காட்டுகிறார். வழி சரியானதுதான். நம் நாட்டில் பள்ளி வயதுக்கு முன் குழந்தையை அடிக்கடி பார்ப்பவர்கள் தடுப்பூசி போடும் செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் ‘ஆஷா’ எனும் சுகாதாரப் பணியாளரும்தான். 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் ஆஷா வீடு தேடிச் செல்ல 2018 முதல் தனித் திட்டமே இருக்கிறது.

ஆனால் ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்த ஏற்பாடு மொழியில் இடறுகிறது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல ஆந்திரத்திலேயே தங்கின. அந்த வீடுகளில் தாலாட்டும் அதட்டலும் தமிழில்; அங்கன்வாடிக்கு வரும் முன்பருவ நூல்களோ தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். இரண்டு வயதுப் பிள்ளை எழுத்தைப் படிப்பதில்லை. படத்தைத் தொட்டு, அம்மா சொல்வதைக் கேட்கிறது, திருப்பிச் சொல்கிறது. பயனெல்லாம் அந்தப் பேச்சில்தான் விளைகிறது. தனக்கு வாசிக்க வராத எழுத்தோடு வரும் புத்தகம் அம்மாவின் வாயை அடைத்துவிடுகிறது. பள்ளிகளில் ஆங்கில வழிக் கல்வியைக் கட்டாயமாக்கிய 2019ஆம் ஆண்டு அரசாணைகளை ஆந்திர உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ரத்து செய்தது. வண்ணங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒப்பிப்பதே கல்வி என்ற எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது. கைக்குழந்தை வரைக்கும் அதைக் கொண்டுபோவது கொடுமை.

இங்குள்ள தமிழருக்குத் தெலுங்கு தெரியுமே என்பார்கள். சந்தையில் விலை பேசுவதற்கும், மடியில் கிடக்கும் பிள்ளைக்குக் கதை கட்டிச் சொல்வதற்கும் ஒரே அளவு மொழி போதாது. சில ஆயிரம் வீடுகளுக்காகத் தனியே அச்சிட முடியுமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழிலும் தெலுங்கிலும் சிறுவர் கதைகள் 2015 முதல் திறந்த உரிமத்தோடு கிடைக்கின்றன. எழுதவோ மொழிபெயர்க்கவோ புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. அங்கன்வாடி ஊழியர் அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்பது விதி. எல்லையோர ஊர்களில் அவர் வாயிலேயே தமிழ் இருக்கும். தாய் சேய் அட்டையில் எடைக்கு இடம் இருக்கிறது. வீட்டு மொழிக்கும் ஒரு கட்டம் சேர்த்தால், எந்த வீட்டுக்கு எந்தப் புத்தகம் என்று ஆஷா முதல் வருகையிலேயே குறித்துவிடலாம்.