வாசலில் ஓர் அரசியல் பலகை

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால் வீட்டுப் புல்வெளிகளில் கம்பிக்கால் ஊன்றிய சிறு பலகைகள் முளைத்துவிடும். வேட்பாளர் பெயர், போட்டியிடும் பதவி, அவ்வளவுதான். 'யார்டு சைன்' என்பார்கள். அது எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எங்கே நடலாம், எத்தனை நாள் நிற்கலாம் என்பதற்கு ஊருக்கு ஊர் விதி உண்டு. அளவையும் இடத்தையும் பற்றிய விதிகளை ஏற்கலாம். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கும் விதிகளை ஏற்கவே முடியாது.

தெருமுனையில் நிற்கும் பெரிய பலகை, திரும்பும் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள புல்துண்டை வீட்டுக்காரர்தான் வெட்டிப் பராமரிப்பார். ஆனாலும் பெரும்பாலும் அது பொதுவழிக்குச் சேர்ந்தது. அங்கே நட்டதை நகராட்சி ஊழியர் பிடுங்கினால் குறை சொல்ல இடமில்லை, எல்லாக் கட்சிக்கும் அதே கை நீளும் வரையில்.

சிக்கல் வேறிடத்தில். மிசௌரி மாநிலத்தின் லடூ, செயின்ட் லூயிஸை ஒட்டிய வசதியான புறநகர். 1990 டிசம்பரில் மார்கரெட் கில்லியோ என்ற பெண்மணி, வளைகுடாப் போர் வேண்டாம் என்று தன் வீட்டின் முன் பலகை வைத்தார். அது காணாமல் போனது. இன்னொன்று வைத்தார்; யாரோ தள்ளிவிட்டார்கள். காவல்துறையிடம் போனபோது, இந்த ஊரில் பலகை வைப்பதே தடை என்று பதில் வந்தது. வீடு விற்பனைக்கு என்ற பலகைக்கோ அனுமதி இருந்தது! பிறகு மாடி ஜன்னலில், கடிதத்தாள் அளவில் அமைதி கோரும் ஒரு வாசகத்தை ஒட்டினார். நகரம் விதியைத் திருத்தி எழுதியது; அந்தத் தாளுக்கும் அதில் இடமில்லை.

வழக்கு மேலே போய், 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. தன் வீட்டில் ஒருவர் வைக்கும் பலகை, சொல்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. காசில்லாதவருக்கு அதற்கு ஈடான வழி கிடைப்பது அரிது என்றது தீர்ப்பு. இது வெறும் கொள்கைப் பேச்சல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கிரீனும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட களச் சோதனைகளில், இப்பலகைகளால் வேட்பாளரின் வாக்கு விகிதம் சராசரியாக 1.7 சதவீதப் புள்ளி கூடியது. அதிபர் வேட்பாளருக்குத் தொலைக்காட்சி இருக்கிறது. பள்ளி வாரியத்துக்கு நிற்பவருக்கு இதுதான் இருக்கிறது.

அரிசோனாவின் கில்பர்ட் நகரில் கொள்கைப் பலகைக்கு 20 சதுர அடி, வீட்டில் வைக்கும் தேர்தல் பலகைக்கு 16, தேவாலயக் கூட்டத்துக்கு வழிகாட்டும் பலகைக்கு 6 என்று உச்ச அளவு வைத்திருந்தார்கள். மண்ணில் ஊன்றும் விதம் ஒன்றே, எழுத்து மட்டும் வேறு. 2015இல் உச்ச நீதிமன்றம் இந்த விதியையும் செல்லாது என்றது. அரசியல் பலகைக்கு மட்டும் நாள்கணக்கு வைப்பதும் இதே குற்றம்தான். போருக்கும் பள்ளி மூடலுக்கும் தேர்தல் நாட்காட்டியா பொருந்தும்? போதாததற்கு, பல ஊர்களில் புகார் வந்தால்தான் அதிகாரி வருவார். அப்படியானால் விதி யார் கையில் போகிறது? பிடிக்காத பெயரை எதிரே பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் கையில்.

இத்தனை தீர்ப்புகளும் எட்டாத இடம் ஒன்றுண்டு: குடியிருப்பு வளாகத்துக்கு விதி வகுக்கும் வீட்டு உரிமையாளர் சங்கம். பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் அரசைத்தான் கட்டும்; சங்கம் தனியார். நியூஜெர்சியின் பார்சிப்பனியில் 2005இல் நகர மன்றத்துக்குப் போட்டியிட்ட வசீம் கான், தன் வீட்டு ஜன்னலிலும் கதவிலும் தன் பெயரை வைத்தார். சங்கம் எடுக்கச் சொன்னது, எடுத்தார். அங்கேயும் விற்பனைப் பலகைக்கு விலக்கு இருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது 2012இல். தேர்தல் முடிந்து ஏறக்குறைய ஏழு வருடம் ஆகியிருந்தது.

சில மாநிலங்கள் சட்டம் போட்டே சங்கங்களைத் தடுக்கின்றன. டெக்சாஸ் சட்டம் தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து 10 நாள் பின்புவரை பாதுகாப்புத் தருகிறது, அதுவும் வாக்குச்சீட்டில் உள்ள வேட்பாளருக்கும் தீர்மானத்துக்கும் மட்டும். கலிஃபோர்னியா, வணிகம் சாராத எந்த வாசகத்தையும் 9 சதுர அடி வரை காக்கிறது, நாள்கணக்கு இல்லை. மற்ற மாநிலங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கலிஃபோர்னியாவின் சட்டத்தைத்தான், வழக்குகளுக்காகக் காத்திராமல்.