சோலார் தகடும் முனியும்

கமுதிப் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: உச்சிப்பொழுதில் கண்மாய்க் கரைக்குத் தனியாகப் போகாதே, காத்துக் கருப்பு அண்டிவிடும். அதே உச்சிவெயிலை மின்சாரமாக்க 2016-இல் இங்கே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள். அவற்றில் படியும் கரிசல் புழுதியைத் தானியங்கி இயந்திரங்கள் துடைக்கின்றன. அந்த இயந்திரங்களுக்கும் வெயில்தான் சக்தி தருகிறது. ஊகப் புனைவின் வகைகளை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நிலம்தான் கண்ணில் நிற்கிறது.

ஊகப் புனைவைக் குறிக்கும் 'ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்ஷன்' என்ற பெயரை 1947-இல் ஒரு கட்டுரை வழியாகப் பரவச் செய்தவர் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன். அவர் மனத்தில் இருந்தது அறிவியல் புனைகதை. பிற்பாடு மிகுபுனைவு, பேய்க்கதை, மாற்று வரலாறு, டிஸ்டோபியா எல்லாம் அந்தக் குடைக்குள் வந்து ஒதுங்கின. சைபர்பங்க், சோலார்பங்க் என்று கிளைகள் இன்னும் பிரிகின்றன. கதைக்குள் வரும் பொருளைப் பார்த்துத்தான் பெரும்பாலும் பெயர் வைக்கிறார்கள்: ரோபோ வந்தால் ஓர் அடுக்கு, டிராகன் வந்தால் வேறோர் அடுக்கு. தமிழ்க் கதைகளை அப்படி அடுக்கப் போனால் பாதி எங்கும் சேராமல் தரையில் கிடக்கும்.

சீவக சிந்தாமணியை எடுத்துக்கொள்வோம். நாட்டைப் பறிகொடுக்கும் சச்சந்தன், கருவுற்ற விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். விசையைத் திருகினால் பறக்கும் பொறி அது. போய் இறங்குவது சுடுகாட்டில். அங்கே சீவகன் பிறக்கிறான். தோழி சண்பகமாலையின் வடிவில் ஒரு தெய்வம் துணைக்கு வருகிறது. இயந்திரம், சுடுகாடு, தெய்வம் மூன்றும் ஒரே காட்சியில். அதை எழுதிய திருத்தக்கதேவருக்கு இவற்றை வெவ்வேறு அடுக்கில் வைக்கத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

இங்கே எனக்குக் கைகொடுப்பவர் இலக்கியக் கோட்பாட்டாளர் தோதொரோவ். 1970-இல் வந்த தன் நூலில் அவர் கதைப்பொருளை விட்டுவிட்டு வாசகரின் தயக்கத்தைப் பிடித்தார். நடந்தது இயற்கையா, இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்று முடிவு கட்ட முடியாமல் நிற்கும் அந்த நிலையே ஒரு தனி வகை என்றார். தமிழின் நல்ல கதைகள் பலவும் அங்கேதான் நிற்கின்றன.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் வேலைக்கு வந்து சேரும் பெண் யார்? கதைசொல்லியே ஓர் எழுத்தாளன். தன் அறிவை முழுக்க நம்பவும் முடியாமல், பயத்தை உதறவும் முடியாமல் தவிக்கிறான். புதுமைப்பித்தனின் வேறொரு கதையில் வரும் கந்தசாமிப் பிள்ளையோ தயங்குவதே இல்லை. கடவுளையே தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆக்கிவிடுகிறார். ஒரே ஆசிரியர், ஒன்றில் தயக்கம், மற்றொன்றில் சகஜம். இரண்டையும் 'ஃபேன்டஸி' என்ற ஒரே சொல்லால் மூடினால் புதுமைப்பித்தன் செய்த வேலையே மறைந்துபோகும்.

அந்தத் தயக்கத்தைத் தொடர்கதை வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர் சுஜாதா. 'கொலையுதிர் கால'த்தில் பேயும் ஹாலோகிராமும் சரிக்குச் சரி மோதுகின்றன. 'என் இனிய இயந்திரா' முற்றிலும் வேறு சாதி. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டிய நாடு, ஜீவா என்னும் ஆட்சியாளர், ஜீனோ என்னும் இயந்திர நாய். தமிழ் டிஸ்டோபியாவுக்கு இன்றுவரை அதுவே அளவுகோல். ஆனாலும் என் கணக்கில் அதைவிட 'கொலையுதிர் கால'மே நம் மண்ணுக்கு நெருக்கம். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு வேறொரு வாசலைத் திறந்தது. சித்த மருத்துவம் போன்ற இந்திய அறிவு மரபுகளிலிருந்தே அறிவியல் கேள்விகளை எழுப்ப முடியும் என்று அந்தக் கதைகள் காட்டின.

கோணங்கியையும், 'அரசூர் வம்சம்' எழுதிய இரா. முருகனையும் மாய யதார்த்தம் என்ற பெயரில் அடைப்பது எளிது. அந்தச் சொல் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வருவதற்கு முன்பே முன்னோரின் ஆவி வீட்டுக்குள் நடமாடுவதை ஒரு செய்தியைப் போலச் சொல்லும் வழக்கம் இங்கே இருந்தது. கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளே சாட்சி.

வெகுமக்கள் பக்கம் பார்த்தால், 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைக் கொண்டுவந்தது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடும் மனிதன். இரும்புக்கை மட்டும் தெரியும். பள்ளி நாள்களில் அட்டை கிழிந்த பிரதிகளை மாற்றி மாற்றிப் படித்தோம். மின்சாரம் போன இரவில் முனி வருவான், மின்சாரம் பாய்ந்தால் மாயாவி வருவான். இரண்டையும் ஒன்றுபோலவே நம்பினோம். பின்னர் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடரின் 'விடாது கருப்பு', குதிரையில் வருவது சாமியா மனிதனா என்று வாரக்கணக்கில் ஒரு தலைமுறையைக் காக்க வைத்தது. தொலைக்காட்சித் தொடர் என்பதற்காக அதை இந்த வரிசையிலிருந்து தள்ளக் கூடாது.

சூழலியல் புனைவும் சோலார்பங்க்கும் இப்போது உலகெங்கும் பேசப்படுகின்றன. வெயிலையும் காற்றையும் கொண்டு ஓர் ஊர் தன் வாழ்வைத் தானே அமைத்துக்கொள்ளும் நம்பிக்கைதான் சோலார்பங்க். மழை பொய்க்கும், சீமைக்கருவேலம் மண்டிய கமுதி மண்ணுக்கு அந்த வகை அப்படியே பொருந்திவிடாது. வெயில் யாருடையது, தகடு பதித்த காட்டில் முன்பு யார் ஆடு மேய்த்தார்கள் என்ற கேள்விகளும் உள்ளே வந்தாக வேண்டும்.

நான் படிக்க விரும்பும் கதை இது: பொழுது சாயும் நேரம், தகடு துடைக்கும் இயந்திரம் ஒரு வரிசையில் மட்டும் தினமும் நின்றுவிடுகிறது. பொறியாளர் வந்து பார்த்துக் காரணம் சொல்கிறார். கோடாங்கியும் உடுக்கோடு வந்து காரணம் சொல்கிறார். மறுநாளும் அதே இடத்தில் இயந்திரம் நிற்கிறது. இருவரில் யார் சொன்னது சரி என்று மட்டும் அந்தக் கதை சொல்லிவிடக் கூடாது.