இடுப்பு வலிக்கு நடை: சீட்டில் எழுதாமல் விடும் பாதி

ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 ஜூனில் 'லான்செட்' இதழில் 'வாக்பேக்' என்ற ஆய்வை வெளியிட்டார்கள். அதன்பிறகு இடுப்பு வலிக்கு நடைதான் மருந்து என்ற பேச்சு எங்கும் பரவிவிட்டது. ஆய்வில் குறையில்லை. ஆனால் பரவும் வழியிலேயே அதன் பாதி உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த பாதி இல்லாமல் 'நடங்க' என்று சொல்வது பலருக்கு உதவாது, சிலருக்குக் கேடாகவும் முடியும்.

முதலில் ஆய்வு என்ன சொன்னது என்று பார்ப்போம். 701 பேர் பங்கேற்றார்கள். எல்லோருமே இடுப்பு வலி வந்து, அண்மையில் குணமாகியிருந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு நடைத் திட்டமும் வலியைப் பற்றிய விளக்கமும் கிடைத்தன. மற்றொரு பிரிவினருக்கு எதுவும் இல்லை. அன்றாட வேலையை முடக்கும் அளவுக்கு வலி திரும்பிவர, நடந்தவர்களுக்கு இடைநிலை அளவாக 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். மாத்திரை இல்லை, கருவி இல்லை, அறுவை இல்லை. 2020 கணக்குப்படி உலகில் 61.9 கோடிப் பேரை வாட்டும் ஒரு வலிக்கு இது மிகப் பெரிய செய்தி. இதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் இது வலி திரும்பாமல் தடுப்பது பற்றிய ஆய்வு. மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் வலிப்பதைத்தான் நாள்பட்ட வலி என்கிறோம். அந்த வலியோடு காலையில் கட்டிலைவிட்டு எழவே கட்டில் சட்டத்தைப் பிடிக்கும் ஒருவருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. அவருக்கான சான்றுகள் வேறு இடத்தில் இருக்கின்றன, அவ்வளவு பளிச்சென்றும் இல்லை. 2021இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சையே இல்லாமலோ வழக்கமான சிகிச்சையோடோ இருப்பவர்களைவிட, உடற்பயிற்சி செய்தவர்களுக்கு வலி 100க்கு சுமார் 15 புள்ளி குறைந்தது. இது எல்லா உடற்பயிற்சிகளுக்குமான கணக்கு. நடையை மட்டும் தனியே எடுத்தால், இஸ்ரேலில் உடலுழைப்பு இல்லாத 52 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு இருக்கிறது. ஆறு வாரம் டிரெட்மில்லில் நடந்தவர்களும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். அயர்லாந்தில் 246 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வும் அதே முடிவுக்குத்தான் வந்தது. ஏற்கெனவே வேறு பயிற்சி செய்பவர் அதோடு நடையையும் சேர்த்துக்கொண்டால் கூடுதல் பலன் கிடைப்பதாகவும் தெரியவில்லை.

ஆக, மற்றப் பயிற்சிகளைவிட நடை உயர்ந்ததில்லை. அவற்றுக்குச் சமம், அவ்வளவுதான். அந்தச் சமமே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அயர்லாந்து ஆய்வில் செலவு குறைவாக இருந்ததும், நோயாளிகள் அதிகம் விடாமல் கடைப்பிடித்ததும் நடையைத்தான். பயிற்சி வகுப்புக்குப் பஸ் பிடித்துப் போய்வர நேரமும் காசும் இல்லாதவர்களுக்கு இது பெரிய வேறுபாடு.

நடை எப்படி உதவுகிறது? முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும், நாம் ஜவ்வு என்று சொல்கிற டிஸ்க்குக்கு, பெரியவர்களிடம் நேரடி ரத்த ஓட்டம் கிடையாது என்றே சொல்லலாம். சத்து கசிந்துதான் உள்ளே போக வேண்டும். சுமை ஏறி இறங்கும் அசைவு அதற்குத் துணை என்று கருதுகிறார்கள். கனடாவில் மெக்கில் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1999இல் வெளியிட்ட அளவீடுகள்படி, கையை வீசி விறுவிறுவென்று நடக்கும்போது இடுப்பில் சுமை ஏறி இறங்குகிறது. தளர்ந்து மெதுவாக நடந்தால் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றுவிடுகிறது. பூங்காவில் காலை நேரத்தில் பாருங்கள். ஒரு கை காதோடு கைபேசியை அழுத்தியிருக்கும், மறு கையில் தண்ணீர் பாட்டில், தோள் இரண்டும் இறுகியிருக்கும். கால் மட்டும்தான் நடக்கிறது, முதுகு நின்றுகொண்டிருக்கிறது. 2025இல் நார்வேயில் 11,194 பேரின் நடையைக் கருவி கட்டி அளந்து வெளியான ஆய்வு, வேகத்தைவிட நாளின் மொத்த நடைநேரமே முக்கியம் என்றது. நாளுக்கு 100 நிமிடத்துக்கு மேல் நடந்தவர்களுக்கு, 78 நிமிடத்துக்குக் குறைவாக நடந்தவர்களைவிட நாள்பட்ட வலி வரும் வாய்ப்பு 23 விழுக்காடு குறைவு. இரண்டும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. நேரம் முதலில், நடையின் தரம் அடுத்து. ஆனால் நார்வே ஆய்வு யாரையும் நடக்கவைத்துச் சோதிக்காமல், கவனித்துப் பதிவு செய்த ஆய்வு மட்டுமே. நடை காரணமா, நடக்கத் தெம்புள்ள உடலே காரணமா என்று அதனால் முழுக்கப் பிரித்துச் சொல்ல முடியாது.

நடையின் மிகப் பெரிய பலன் எலும்பிலோ தசையிலோ இல்லை, பயத்தில்தான் என்பது என் கருத்து. 'எல்4–எல்5 ஜவ்வு விலகியிருக்கு' என்று ஸ்கேன் பார்த்துச் சொன்ன நாளிலிருந்து குனியாமல், நடக்காமல், பெல்ட்டைக் கழற்றாமல் வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, வலியே இல்லாத 50 வயதினரில் 60 விழுக்காட்டினருக்கு ஜவ்வுப் பிதுக்கமும், 80 விழுக்காட்டினருக்குத் தேய்மானமும் ஸ்கேனில் தெரிகின்றன. இதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. சொல்லி, கூடவே நடக்க வைத்து, 'நடந்தேன், ஒன்றும் உடையவில்லை' என்று உடம்பே அறியும்படி செய்வதுதான் சிகிச்சை. வாக்பேக்கில் இயன்முறை மருத்துவர்கள் இதைத்தான் செய்தார்கள். ஆறு மாதத்தில் ஆறு சந்திப்பு. ஒவ்வொருவரும் நடக்கும் அளவைக் கேட்டு, அங்கிருந்து தொடங்கி, வாரம் ஐந்து நாள் முப்பது நிமிடம் என்ற இலக்குக்குப் படிப்படியாகக் கொண்டுபோனார்கள். நம் ஊரில் உதிர்ந்துபோன பாதி இதுதான். இங்கே சீட்டின் கடைசி வரியில் 'வாக்கிங் 45 நிமிடம்' என்று எழுதினால் கடமை முடிந்தது. இரண்டு மாதமாகப் படுத்திருந்தவர் முதல் நாளே 45 நிமிடம் நடந்து, மறுநாள் எழ முடியாமல் போய், 'நடந்ததால்தான் கூடிப்போச்சு' என்ற முடிவுக்கு வருகிறார். பயம் இரட்டிப்பாகிறது.

தமிழ்நாடு அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது. பொதுவான உடல்நலத்துக்கு நல்ல முயற்சி. இடுப்பு வலிக்காரருக்கு அந்த 8 கிலோமீட்டர் தொலைதூர இலக்கு. அவருக்கு வேண்டியது முதல் 400 மீட்டரும், நடுவில் உட்கார ஒரு பெஞ்சும். நடையால் தீங்கே இல்லை என்பதும் சரியில்லை. வாக்பேக்கிலேயே கால், முட்டி சார்ந்த பாதிப்புகள் நடந்தவர்களிடம் 100, மற்றவர்களிடம் 54.

யாருக்கு நடையைச் சொல்லக்கூடாது என்பதை ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம் என்பதைச் சிற்றூர் மருத்துவமனை ஒன்றின் பிசியோதெரபி அறையில் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய பெரியவர். தெருமுனை போவதற்குள் இரண்டு காலும் மரத்து, வழியில் எங்காவது உட்கார்ந்துவிடுகிறார். நடையைக் கூட்டச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"சைக்கிள்ல போனா எப்படி இருக்குங்க ஐயா?"

"அதுல ஒண்ணும் இல்லம்மா. சந்தை வரைக்கும் மிதிச்சுட்டு வருவேன்."

கேள்வி கேட்ட இயன்முறை மருத்துவர் பேனாவை மேசையில் வைத்தார். நிமிர்ந்து நடந்தால் வலி, முன்னால் குனிந்து சைக்கிள் மிதித்தால் வலி இல்லை என்றால், தண்டுவடக் குழாய் சுருங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நிமிரும்போது அது இன்னும் நெருக்குகிறது. இப்படிப்பட்டவரிடம் 'வலியைப் பொறுத்துக்கிட்டு நடங்க' என்பது சிகிச்சையே இல்லை. அவருக்குச் சைக்கிள் பயிற்சி எழுதி, மறுபடி மருத்துவரிடம் அனுப்பினார். சிறுநீர் கட்டிக்கொள்வது, தொடையிடுக்கு மரத்துப்போவது, காய்ச்சலோடும் எடை இழப்போடும் சேர்ந்து வரும் வலி ஆகியவற்றுக்கு நடை பதில் இல்லை. முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிற நாட்டில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

இன்னொரு கூட்டமும் இந்த அறிவுரைக்கு வெளியே நிற்கிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றும் நடந்தும் வேலை பார்க்கும் பெண்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இரவு வீடு திரும்பும் அவர்களிடம் போய் இன்னும் நட என்று சொல்வது கொடுமை. வாக்பேக்கில் ஏற்கெனவே ஒழுங்காக நடைப்பயிற்சி செய்துவந்தவர்கள் இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இவர்களுக்கு இடையிடையே உட்காரும் நேரமும், இடுப்புத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் கேட்பதே நியாயம்.

செய்ய முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே போகிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர் ஒருவருக்கு அவர்கள் ஆறு மாதத்தில் ஆறு முறை, சிலவற்றைத் தொலைபேசியிலேயே, ஒதுக்கினால் போதும். முதல் சந்திப்பில் அந்தச் சைக்கிள் கேள்வி. எத்தனை நிமிடத்தில் வலி தொடங்குகிறது என்ற கணக்கு. அதற்குக் கொஞ்சம் கீழே ஓர் அளவு. வலி கூடிய நாளில் நிறுத்தாமல் பாதியாகக் குறைப்பது எப்படி என்பதை இரண்டாவது சந்திப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.