செய்மதியும் மனச்சான்றும்

மூன்று செய்மதிகளால் உலகையே இணைக்கலாமென 1945 இல் கணித்துக் காட்டியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அவர், 1971 இல் இன்டெல்சாட் செய்மதி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, அதனை உலக ஐக்கிய அரசின் முதல் வரைவெனப் புகழ்ந்தார். அவருடைய விஞ்ஞானத்தை நாம் போற்றுகிறோம்; அந்நம்பிக்கையை ஏற்பதற்கில்லை. அவர் மறைந்த மறு ஆண்டு, 2009 இல், முள்ளிவாய்க்கால் கரையோரத்தில் மக்கள் நெருக்குண்டு கிடந்ததைச் செய்மதிப் படங்கள் காட்டின. உலகம் கண்டது, காக்கவில்லை. அத்தோல்வியை ஐக்கிய நாடுகள் சபையின் 2012 ஆம் ஆண்டு உள்ளக ஆய்வறிக்கையே பதிவு செய்தது.

2025 இல் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்தது. அதன் வேகத்தை வியக்கும் கருவிப் பிரியர்களுக்கு நாம் கூறுவது இதுவே: முள்ளிவாய்க்காலுக்கும் இணையம் வேண்டும். ஆயின் கம்பியும் அலையும் செய்தியைச் சுமக்குமேயன்றி நீதியைச் சுமவா. அதனைக் கேட்டுப் பெறுவது ஒன்றுபட்ட மக்களின் கடன்.